இளைத்துப்போன நகைப்பெட்டி

"அந்தத் தலையணையில மட்டும் சாய்ஞ்சிடாதீங்க சார். அது வீடியோவுக்கு!"

சோபாவில் முக்கால்வாசி சாய்ந்துவிட்ட சிடுசிடு, முதுகைப் பாதி வழியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். தலையணை உறை முழுக்கக் கையால் வரைந்த நீலப் பூக்கள். பூக்கள் என்பது அவருடைய ஊகம்தான். வரைந்தவரே எதிரில் நிற்கிறார், கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டார்.

அவருடைய அலுவலகப் பலகையில் இருப்பது வேறு பெயர். அதை அவரே மறந்து வெகுநாளாகிவிட்டது. காவல் நிலையத்திலிருந்து சலவைக்கடை வரை எல்லாருக்கும் அவர் சிடுசிடுதான். அந்தப் பெயரைப் பரப்பியது தன்னுடைய உதவியாளர்தான் என்பது அவருடைய திடமான சந்தேகம். பதிலுக்கு அவளுக்கு வாலு என்று பெயர் வைத்து, அதை இன்னும் வேகமாகப் பரப்பிப் பழிதீர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாலு இப்போது கூடத்தைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதோரம் குனிந்தாள். "பாஸ், கைகாலை ஆட்டிக்கிட்டே இருங்க. இந்த வீட்டுல அசையாம இருந்தா பெயிண்ட் அடிச்சிடுவாங்க போலிருக்கு."

அவள் சொன்னதில் மிகையில்லை. நாற்காலிகளின் கால்களுக்கெல்லாம் பாதி வரை வெள்ளைக் காலுறை. பழைய ஏணி ஒன்றைப் படுக்கவைத்து, புத்தகமே இல்லாத புத்தக அலமாரியாக்கியிருந்தார்கள். ஜாம் பாட்டில்கள் கழுத்தில் கயிற்றோடு சுவரில் தொங்கின, பாவம், என்ன குற்றம் செய்தனவோ. எல்லாவற்றுக்கும் நடுவில், தனி விளக்கின் கீழே, இந்த வழக்கின் நாயகி வீற்றிருந்தது. பளிச்சென்ற வெள்ளை, விளிம்பில் தங்கக் கோடு, மூடியில் தங்கக் குமிழ் வைத்த ஒரு நகைப்பெட்டி.

"சார், பெரிசா ஒண்ணும் வேண்டாம்," என்று ஆரம்பித்தார் அந்த வீட்டு மகன். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் மனைவியின் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொள்கிற ரகம். "யார் எடுத்தாங்கன்னு எங்களுக்கே தெரியும். நீங்க ஒரு தடவை விசாரிச்சு, ஆமான்னு சொல்லிட்டா போதும். சாயங்காலம் போலீஸ்ல குடுத்துடுவோம்."

"அப்போ உங்களுக்கு வேண்டியது துப்பறியறவர் இல்லை. ரப்பர் ஸ்டாம்ப்."

"நம்மகிட்ட இருந்த ஸ்டாம்ப்புக்கும் மை காய்ஞ்சு போச்சு பாஸ்," என்றாள் வாலு.

தலையணையில் பூ வரைந்த அவருடைய மனைவி, அந்த வீட்டு மருமகள், சிரித்தாள். அவளைக் கிண்டல் செய்கிறார்கள் என்பதை அவள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பழைய சாமான்களுக்குப் பெயிண்ட் அடித்துக் காட்டும் அவளுடைய வீடியோக்களை நிறையப் பேர் பார்க்கிறார்களாம். அவளைத் தூரிகை ராணி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நாளைக் காலை இதே கூடத்தில் அவளுடைய முதல் வகுப்பு. வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வெள்ளைப் பெட்டிதான் மாதிரி. எதையும் யாரும் கேட்காமலே சொல்லி முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"அத்தை இடுப்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில இருந்தாங்க. திரும்பி வரும்போது சர்ப்ரைஸா இருக்கட்டும்னு அவங்க பழைய நகைப்பெட்டியை நானே பண்ணினேன். அழுக்கு மரம் சார். கருப்புமில்லை, சிவப்புமில்லை. இப்ப பாருங்க!"

"பார்த்தேன். கண் கூசுது."

"தேங்க்ஸ் சார். போன வெள்ளிக்கிழமை அத்தை வீட்டுக்கு வந்தாங்க. வந்ததும் வராததுமா, சங்கிலி எங்கேன்னு கேட்கறாங்க. சிவப்புக்கல் பதக்கம் வச்சது. பெட்டிக்கு அடியில ஒரு ரகசியத் தட்டு இருந்ததாம், அதுல இருந்ததாம். நான் என்னத்தைக் கண்டேன்? அடிப்பலகை உளுத்துப் போயிருந்தது, கழட்டிக் குப்பையில போட்டுட்டேன். அதுல ஒண்ணுமே இல்லை. அத்தை ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்குப் பெட்டியைத் துடைச்சு என் கையில குடுத்தது அத்தையைப் பார்த்துக்கற நர்ஸ். அப்போ எடுத்தது யாரு? சொல்லுங்க."

"உங்க அத்தை என்ன சொல்றாங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகன்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அம்மாவுக்கு மருந்து மயக்கம் சார். இது என் பெட்டியே இல்லைங்கறாங்க. நேத்து தலையணையைக் காட்டி, இது என்னோடது இல்லைன்னாங்க. எதுவுமே அவங்களோடது இல்லையாம். விடுங்க."

சிடுசிடு விடவில்லை. எழுந்து உள்ளே போனார்.

மாமியார் கட்டிலில் நிமிர்ந்து படுத்திருந்தார். உடம்புதான் படுத்திருந்தது, கண் இரண்டும் எழுந்து வாசலில் வந்து நின்று விசாரித்தன.

"யாரு? புது டாக்டரா?"

"டாக்டரா இருந்தா சிரிச்சிருப்பேனேம்மா. நான் துப்பறியறவன்."

"அப்போ உட்காரு. என் பெட்டி கனமா இருக்கும். மடியில வச்சா கால் மரத்துப் போகும். வெளியிலேர்ந்து பார்த்தா கீழ சும்மா ஒரு பலகைதான் தெரியும். உள்ளே மூலையில சின்னதா ஒரு மரக்குமிழ். அதை அமுக்கினா கீழ்த்தட்டு வெளியே வரும். சங்கிலியை அதுலதான் துணியில சுத்தி வச்சேன். கூடத்துல இருக்கறது என் பெட்டி இல்லை."

"அம்மா, அதான் சொன்னோமே, பெயிண்ட் அடிச்சிருக்குன்னு..." என்றார் பின்னாலேயே வந்த மகன், குழந்தைக்குச் சோறு ஊட்டும் குரலில்.

"எனக்கு உடைஞ்சது இடுப்புடா," என்றார் அம்மா.

மகன் காதில் அது விழுந்தது. ஆனால் உள்ளே இறங்கவில்லை. சிடுசிடுவுக்கு இந்த வீட்டில் முதல்முறையாக ஒருவரைப் பிடித்துப் போயிற்று. அவருக்கு அப்படி நேர்வது அபூர்வம் என்பதால் சற்றுச் சங்கடமாகக்கூட இருந்தது.

நர்ஸைச் சமையலறையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அங்கேதான். அவளுடைய கைப்பை பிரிட்ஜின் தலைமேல், கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. நாற்பதைத் தாண்டிய பெண். அழுது முடித்துவிட்டு, இனி அழுவதில்லை என்று முடிவெடுத்த முகம்.

"பையைக் கொட்டிப் பார்க்கணுமா சார்? வீட்டுல எல்லாரும் பார்த்தாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"எங்க பாஸ் பையைக் கொட்ட மாட்டார். வார்த்தையைத்தான் கொட்டுவார்," என்றாள் வாலு, ஓர் அலமாரியில் சாய்ந்துகொண்டு. பிறகு சட்டென்று நிமிர்ந்து, முதுகில் பெயிண்ட் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"போலீஸ்ல பெயர் போனா என்னை அனுப்பின ஏஜென்சி அன்னைக்கே கழட்டி விட்டுடுவாங்க," என்றாள் நர்ஸ். "அப்புறம் எந்த வீட்டுக் கதவும் எனக்குத் திறக்காது. படுத்திருக்கறவங்களைப் பார்த்துக்கற வேலை சார். நம்பிக்கை போச்சுன்னா வேலையும் போச்சு. நான் எடுக்கலை. இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னும் தெரியலை."

"பெட்டியை விடுங்க. தலையணையைப் பத்திச் சொல்லுங்க."

நர்ஸ் விழித்தாள். "தலையணையா?"

"அந்த அம்மா படுத்திருக்கற தலையணை. அவங்களோடதா, இல்லையா?"

"இல்லையே. அவங்களோடது அழுந்தித் தட்டையாப் போன பழைய பஞ்சுத் தலையணை. அது இல்லாம தூக்கமே வராது அவங்களுக்கு. வெள்ளிக்கிழமை வந்து பார்த்தா கட்டில்ல புதுசு கிடக்கு. எங்கே மேடம்னு கேட்டேன். பழசெல்லாம் எதுக்குன்னுட்டாங்க. பெரியம்மா சொன்னது நிஜம்தான் சார். ஆனா அதை யாரும் என்கிட்ட கேட்கலையே."

சிடுசிடு வாலுவைப் பார்த்தார். வாலு ஏற்கெனவே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உளர்றாங்கங்கறதுக்கு அவங்க காட்டின ஆதாரமே அந்தத் தலையணைதான்," என்றார் சிடுசிடு. "அதுல அந்த அம்மா சொன்னது பிசகலை. அப்புறம் பெட்டி விஷயத்துல மட்டும் எப்படிப் பிசகும்?"

கூடத்துக்குத் திரும்பியதும் வாலு நேரே விளக்கின் கீழே போய், வெள்ளைப் பெட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். காலித் தீப்பெட்டி போல வந்தது.

"மடியில வச்சா கால் மரத்துப் போகுமாம். பெயிண்ட் அடிச்சா இப்படி இளைக்கும்னு தெரிஞ்சிருந்தா நானும் ரெண்டு கோட்டிங் அடிச்சுக்கிட்டிருப்பேனே பாஸ்!"

"ஹலோ, அடியிலிருந்த பாதியைத்தான் கழட்டிட்டேன்னு சொன்னேனே," என்று பாய்ந்து வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள் மருமகள். "கனம் எப்படி இருக்கும்? உள்ளே வெல்வெட்டும் மாத்தியாச்சு. கைப்பிடியும் மாத்தியாச்சு."

"மூடியாவது பழசா?"

"பாதி."

எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. இப்படித் தயாராக இருக்கும் பதில்களைச் சிடுசிடுவுக்கு ஆகவே ஆகாது. உண்மை பேசுகிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள், தலையைச் சொறிவார்கள்.

"ஆபீஸ் விடற நேரத்துக்குத் திரும்பி வர்றேன். அதுவரைக்கும் போலீஸ் வேண்டாம்," என்றார்.

மகன் மனைவியைப் பார்த்தார். மனைவி தோளைக் குலுக்கினாள். மகன் சரி என்றார்.

தெருவில் நின்ற அவர்களுடைய கார், வாலுவின் கணிப்பில், மருமகள் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க வேண்டிய பொருள். அதில் ஏறி உட்கார்ந்ததும் போனில் அந்த வீடியோவை ஓடவிட்டாள். திரையில் மருமகள் முழு மேக்கப்பில், ஒரு கருஞ்சிவப்பு மரப்பெட்டியைத் தட்டிக்காட்டிச் சிரித்தாள்.

"பெயிண்ட் கடைக்குப் போனீங்கன்னா பிரைமர் அடி, உப்புத்தாள் போட்டுத் தேய்னு நம்ம தலையில என்னென்னமோ கட்டுவாங்க. நம்பாதீங்க! நேரா பெயிண்ட். அவ்வளவுதான்!"

தூரிகை ஒரு தடவை போயிற்று. பெட்டியின் பக்கம் வெள்ளையானது. அங்கே வீடியோ ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த நொடியில் தங்கக் கோடு போட்ட வெள்ளைப் பெட்டி சுழன்று சுழன்று காட்சி கொடுத்தது.

"நடுவுல என்ன ஆச்சு?" என்றார் சிடுசிடு.

"பாட்டு வந்தது பாஸ்."

"பாட்டுக்கு முன்னாடி இருந்த பெட்டியும் பின்னாடி வந்த பெட்டியும் வேறன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். ஆனா பழைய பெட்டி கையில இல்லாம இதைப் போய்ச் சொன்னோம்னா, கழட்டினேன், மாத்தினேன்னு அந்த ராணி இன்னும் நாலு அங்கத்தைக் கழட்டிக் காட்டுவா. பழைய பெட்டி எங்கே போச்சு? அதைக் கண்டுபிடி."

வாலு போனை நோண்டினாள். நோண்டுவதில் அவளை அடிக்க ஆளில்லை. தெரு முனையில் சிக்னல் விழுவதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"பாஸ், தங்கம் கிடைச்சாச்சு. பெயிண்ட் கடைகளைப் பத்தி ஜனங்க இன்டர்நெட்ல எழுதற இடத்துல நம்ம ராணி எழுதியிருக்கு. ஒரே ஒரு நட்சத்திரம் குடுத்து, கிழி கிழின்னு கிழிச்சிருக்கு. 'மட்டமான பெயிண்ட். என் வேலையையே கெடுத்துவிட்டது. இந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.' தேதி பாருங்க. வீடியோ போட்டதுக்கு முந்தின வாரம்."

"கெடுத்துவிட்டதுன்னா எழுதியிருக்கா?"

"கொட்டை எழுத்துல."

சிடுசிடுவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவரைப் பொறுத்தவரை அது சிரிப்பு. "வேலை அவ்வளவு அழகா முடிஞ்சிருந்தா பெயிண்ட்டை எதுக்குத் திட்டணும்? பெட்டி கெட்டுப் போயிருக்கு. வீடியோவுல வந்தது கெடாத வேற பெட்டி. கடை எங்கே?"

பெயிண்ட் கடை ஒரு மேம்பாலத்தின் கீழே, டயர் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவில் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் பெருத்த உடம்புக்காரர். முழங்கை வரை ஏழெட்டு நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் தன்னைத் தவிர யாருக்கும் பெயிண்ட் அடிக்கத் தெரியாது என்பது அவர் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது.

சிடுசிடு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கல்லாவுக்கு நேர் மேலே ஒரு தட்டு. தட்டின் மேல் ஒரு பெட்டி. வெள்ளைச் சட்டையில் டீயைக் கொட்டிய மாதிரி உடம்பெல்லாம் செம்பழுப்புக் கறை. அதன் கழுத்தில் தடித்த எழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: 'பிரைமர் வேண்டாம் என்று சொன்ன மேதையின் கைவண்ணம்.'

"ஆகா," என்றாள் வாலு, பக்திப் பரவசத்தோடு.

"எல்லாரும் நின்னு பார்த்துட்டுத்தான் போறாங்க," என்றார் கடைக்காரர் பெருமையாக. "அருமையான ஈட்டி மரம் சார் அது. அந்த மரத்துச் சாயம் ஊறி ஊறி மேல வரும். நல்லாத் தேய்ச்சு, பிரைமர் ஒரு கை அடிச்சு அடைக்கலேன்னா, வெள்ளை அடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான், கறை வந்துக்கிட்டே இருக்கும். நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். சரக்கை விக்கறதுக்காகச் சொல்றீங்கன்னு என்னைப் பார்த்து நக்கலாச் சிரிச்சுது அந்த அம்மா. அப்புறம் ஒரு நாள் பேய் மாதிரி வந்து, இந்தப் பெட்டியைக் கல்லாவுல டொம்முன்னு வச்சு, உங்க பெயிண்ட்டால வந்த வினையைப் பாருங்கன்னு கத்திச்சு. கத்திட்டு, இந்தச் சனியனை நீங்களே வச்சுக்குங்கன்னு போட்டுட்டுப் போயிடுச்சு. நான் வச்சுக்கிட்டேன்."

"இது எங்களுக்கு வேணுமே."

"விலைக்கு இல்லை சார். இது மேல ஏறி உட்கார்ந்த நாள்லேர்ந்து பிரைமர் வேண்டாம்னு ஒருத்தர் வாயைத் திறக்கலை."

சிடுசிடு இந்த மாதிரி ஆட்களை அறிவார். கெஞ்சினால் ஏறுவார்கள், மிரட்டினால் இன்னும் ஏறுவார்கள். அவர்களுடைய மதத்தில் சேர்ந்துவிடுவது ஒன்றுதான் வழி.

"முதல்ல ஒரு டின் நல்ல பிரைமரா குடுங்க," என்றார். "வீட்டுக் கதவுக்கு. பிரைமர் இல்லாம பெயிண்ட் அடிக்கறவன் மனுஷனே இல்லைங்கறது என் அபிப்பிராயம்."

கடைக்காரரின் முகம் கனிந்தது. "அலுமினியக் கதவு பாஸ் உங்களுது," என்று வாலு முணுமுணுத்ததை ஒரு மிதி மிதித்து அடக்கினார் சிடுசிடு. டின் வந்தது. டின்னோடு பெட்டியும் தட்டிலிருந்து இறங்கி வந்தது, இரவலாக, அட்டை மட்டும் பத்திரமாகத் திரும்பி வந்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

"ஆனா ஒண்ணு," என்றார் கடைக்காரர், பெட்டியைக் கொடுக்கும்போது குலுங்கிச் சிரித்துக்கொண்டு. "அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். போன சனிக்கிழமை போன் பண்ணிச்சு. அந்தப் பெட்டி இருக்கா, தயவுபண்ணித் திருப்பிக் குடுத்துடுங்கன்னு ஒரே கெஞ்சல். எனக்கு ஒற்றை நட்சத்திரம் குடுத்த ஆளாச்சே, விடுவேனா? அது ஏது, அப்பவே உடைச்சு பெயிண்ட் கலக்கற குச்சியாக்கிட்டேனேன்னு சொல்லிட்டேன். அப்படியே பேச்சு நின்னு போச்சு சார்!"

வாலு சிரிக்கவில்லை. சிடுசிடுவும் பெட்டியை வாங்கிய கையை அசைக்கவில்லை.

மாமியார் வீட்டுக்கு வந்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மருமகள் பெட்டியைக் கேட்டிருக்கிறாள். அப்படியானால் சங்கிலி எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்திருக்கிறது. பெட்டியை உடைத்துவிட்டார்கள், இனி அது வரவே வராது என்று கேட்ட பிறகுதான் நர்ஸின் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

காரில் வாலு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும், "கால் மரத்துப் போகுது பாஸ்," என்றாள். குரலில் கிண்டல் இல்லை. "கீழ்த்தட்டைத் திறந்து பார்த்துடலாமா?"

"கை வைக்காதே. கீழே பலகை சேர்ற இடத்தைப் பாரு. கோட்டிங் மேல கோட்டிங் அடிச்சு இடுக்கே தெரியாம மூடியிருக்கு. பெயிண்ட் அடிச்ச நாள்லேர்ந்து யாரும் திறக்கலைங்கறதுக்கு அதுதான் சாட்சி. நாம திறந்தோம்னா நாமதான் உள்ளே வச்சோம்னு சொல்லிடுவா."

"உள்ளே ஒண்ணுமில்லேன்னா?"

"அந்த நர்ஸோட சேர்த்து என் மானமும் போச்சு," என்றார் சிடுசிடு. அவர் அதைச் சிடுசிடுக்காமல் சொன்னதுதான் வாலுவுக்குப் பயமாக இருந்தது.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை போலிருக்கிறது. கூடத்தில் ஒரு கான்ஸ்டபிள் டீ குடித்துக்கொண்டிருந்தார். முதுகு சோபாவில் படாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால், அவருக்கும் தலையணையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நர்ஸ் சுவரோரம் நின்றாள்.

"லேட் பண்ணிட்டீங்க சார்," என்றாள் மருமகள். "ஏதாவது கிடைச்சுதா?"

"ஒரு பெட்டி," என்று சொல்லி, சிடுசிடு மேசைமேல் வைத்து, சுற்றியிருந்த பழைய பேப்பரைப் பிரித்தார்.

"அதை உடைச்சாச்சுன்னு சொன்னாரே!"

சொன்ன பிறகுதான் மருமகளுக்குத் தன் வாய் திறந்திருப்பது தெரிந்தது. கையால் பொத்திக்கொண்டாள். காலம் கடந்துவிட்டது. கான்ஸ்டபிளின் டீ பாதி வழியில் நின்றது.

"யார் சொன்னாங்க?" என்று கேட்டார் மகன். அனுமதிக்குக் காத்திராமல் அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

முதல்முறையாக மருமகளிடம் பதில் எதுவும் தயாராக இருக்கவில்லை.

"உள்ளே கொண்டு போவோம்," என்றார் சிடுசிடு. "சொந்தக்காரங்க திறக்கட்டும்."

பெட்டியைக் கட்டிலில் மாமியாரின் பக்கத்தில் வைத்தார்கள். அவர் கறை படிந்த மூடியைக் கையால் ஒருமுறை தடவினார். "என்ன கதியாக்கி வச்சிருக்கா என் பெட்டியை," என்றார். அதற்குமேல் நேரத்தை வீணாக்காமல், "அம்மாடி, கத்தி கொண்டா," என்று நர்ஸைக் கூப்பிட்டார்.

முதலில் சிடுசிடு கான்ஸ்டபிளை அழைத்து, அடிப்பலகையைச் சுற்றி எங்கும் கீறல் விழாமல் மூடியிருந்த பெயிண்ட்டைக் காட்டினார். கான்ஸ்டபிள் நகத்தால் சுரண்டிப் பார்த்துத் தலையாட்டினார். நர்ஸ் சமையலறைக் கத்தியின் நுனியை இடுக்கில் வைத்து மெதுவாகக் கீறிக்கொண்டே போனாள். மாமியார் மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டு மூலையைத் தேடினார். சொடக்குப் போட்டது போல ஒரு சத்தம். கீழ்த்தட்டு வெள்ளைச் செதிலை உதிர்த்துக்கொண்டு வெளியே வந்தது.

மடித்த துணி. துணிக்குள் சங்கிலி. சிவப்புக்கல் பதக்கம்.

நர்ஸ் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவதில்லை என்று காலையில் எடுத்த முடிவு அதோடு போயிற்று. வாலு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பகடி ஒன்றும் பேசவில்லை.

"நான் வேணும்னு பண்ணலை," என்றாள் மருமகள், வாசற்படியிலிருந்து. "பெட்டி போயிடுச்சுன்னு நினைச்சேன். நாளைக்கு வகுப்பு... வீடியோ பொய்னு தெரிஞ்சா எல்லாரும் சிரிப்பாங்க..."

சிடுசிடு திரும்பினார். அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், மிகவும் மரியாதையாகப் பேசுவார். அதுதான் அவரிடம் வாலு பயப்படும் ஒரே விஷயம்.

"மேடம், நீங்க சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். 'அத்தை, உங்க பெட்டியை நான் கெடுத்துட்டேன்.' அதைச் சொல்ல வாய் வராம, ஒருத்தரைத் திருடியாக்கினீங்க. இன்னொருத்தரைப் புத்தி கலங்கினவங்களாக்கினீங்க. மரத்துல இருந்த சாயத்தையே உங்களால மூட முடியலை. இதை எத்தனை கோட்டிங்ல மூடலாம்னு நினைச்சீங்க?"

"வகுப்பை நிறுத்த வேண்டாம் மேடம்," என்றாள் வாலு தரையிலிருந்தபடியே. "எங்க கார்ல ஒரு டின் பிரைமர் சும்மா கிடக்கு. அதுலேர்ந்து ஆரம்பிங்க."

கான்ஸ்டபிள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பொய்ப் புகார் கொடுத்ததற்கு நாளை இரண்டு பேரும் நிலையத்துக்கு வர வேண்டியிருக்கும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிரிட்ஜின் மேலிருந்த கைப்பையை மகனே எடுத்து வந்தார். அதை இரண்டு கையாலும் நர்ஸிடம் நீட்டினார்.

"மன்னிச்சிடுங்க. நீங்க... தொடர்ந்து இருக்கணும். அம்மாவுக்கு நீங்க இல்லாம..."

நர்ஸ் பையை வாங்கிக்கொண்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்கிட்ட அப்புறம் கேளுங்க சார். முதல்ல கேட்க வேண்டியது அவங்ககிட்ட."

மகன் கட்டிலருகே போய் நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். சிடுசிடு அதைக் கவனித்தார். உண்மை வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அம்மா, இதுதான் உங்க பெட்டி. கூடத்துல இருக்கறது இல்லை. நீங்க சொன்னது சரிதாம்மா. நான்தான் கேட்கலை."

அம்மா சங்கிலியைத் துணியில் மறுபடி சுற்றிக் கீழ்த்தட்டில் வைத்து, அதை உள்ளே தள்ளி மூடினார். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. அப்போ என் தலையணையையும் கொண்டா. சோபாவுல கிடக்கு. என்னை உள்ளே தூக்கிக்கிட்டு வரும்போதே பார்த்தேன். மேல எதையோ கிறுக்கி வச்சிருக்கா."

மகன், யார் முகத்தையும் பார்க்காமல், கூடத்துக்கு நடந்தார்.